வினோலியாவைப் பற்றிக் கேட்டார்கள்

ஒருத்தி இருபத்து நாலு வருஷமா உங்க ஒரு லெட்டருக்குக்கூடப் பதில் போடலைன்னா அவளைச் சிநேகிதின்னு சொல்வீங்களா டீச்சர்? டீச்சர்னு கூப்பிடலாம்ல? மடியில விடைத்தாள் கட்டு இருக்கவும் அப்படித்தான் நெனச்சேன். அருப்புக்கோட்டையில எறங்கணுமா? சரி. நான் மதுரை வரைக்கும் போகணும். கார் எட்டயபுரம் தாண்டி நின்னுபோச்சு. டிரைவர் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன்னு போனான். வெயில்ல ரோட்டோரமா எவ்வளவு நேரம் நிக்கிறது? இந்த பஸ் வந்துச்சு, கையைக் காட்டி ஏறிட்டேன். பஸ் ஏறி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒரு காலத்துல பஸ்ஸுலதான் என் பொழப்பே.

கண்ணு கலங்கியிருக்கா? காத்துக்கு இருக்கும். சரி, காத்துக்கு இல்ல. தெரியாதவங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். ஏறினதுல இருந்து அழுதுக்கிட்டுத்தான் வரேன். நீங்க தண்ணி பாட்டிலை நீட்டலைன்னா பேசியிருக்கவும் மாட்டேன்.

என் பேரு மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவாங்க. சொந்த ஊரு திண்டுக்கல், அப்பா மின்வாரியத்துல இருந்தாரு. நான் சென்னையில ஒரு கம்பெனியில வைஸ் பிரசிடென்ட். சோப்பு, பல்பொடி, ஷாம்பு பாக்கெட், இந்த மாதிரி. தெற்கு முழுக்க விற்பனை என் பொறுப்பு. அந்தக் கம்பெனியில விற்பனைக்கு ஊர் ஊராப் போன மொத பொம்பளை நான்தான். பெருமைக்குச் சொல்லல. ஒரு பொம்பளையைத்தான் எடுப்போம்னு அவங்க வெச்சிருந்ததாலதான் இவ்வளவும்.

கோயம்புத்தூர்ல எம்.பி.ஏ. படிச்சேன். தொண்ணூத்தி ஏழுல சேர்ந்தது. வகுப்புல அறுபது பேரு, பொண்ணுங்க ஏழு. சேர்ந்த வாரமே மார்க்கெட்டிங் சார், நல்ல மனுஷன்தான், குத்தம் சொல்லக் கூடாது, "பொண்ணுங்க எல்லாம் ஹெச்.ஆர். எடுத்துக்குங்கம்மா, ஆபீசுக்குள்ளயே உக்காந்து வேலை பாத்துரலாம், வெயில்ல அலைய வேண்டாம்"னாரு. ஆறு பேரு தலையாட்டினோம். ஏழாவது ஆளு எந்திரிச்சு, "சார், எங்க ஊர்ல கூடையத் தூக்கிட்டுப் போயி மீன் விக்கிறது பூராம் பொம்பளையள்தான். அவங்க எந்த ஆபீசுக்குள்ள உக்காந்து விக்காங்க?"ன்னு கேட்டா. வகுப்பே சிரிச்சுது. அவ சிரிக்கல. நிஜமாவே பதில் வேணும்கிற மாதிரி நின்னுக்கிட்டே இருந்தா.

அவதான் வினோலியா. தூத்துக்குடி. அப்பா உப்பளத்துல மேஸ்திரி. ஹாஸ்டல்ல எனக்கும் அவளுக்கும் ஒரே ரூம். அன்னைக்குச் சாயங்காலம் நானும் ஹெச்.ஆரை அடிச்சுட்டு மார்க்கெட்டிங்னு எழுதிக் குடுத்தேன். அவளைப் பாத்துத்தான் எழுதினேன். இல்லைன்னு சொல்லல.

லேடீஸ் ஹாஸ்டல்ல ஆறரைக்குக் கேட்டைப் பூட்டிருவாங்க டீச்சர். பசங்க குரூப் வேலைக்குக் கூடுறதே எட்டு மணிக்கு மேல, கேண்டீன்ல. மறுநாள் வந்து, "நாங்க எல்லாம் முடிவு பண்ணிட்டோம், நீங்க ஷீட் எழுதிருங்க, பொண்ணுங்க கையெழுத்து அழகா இருக்கும்"பாங்க. அப்ப கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுறது எல்லாம் கெடையாது. கண்ணாடி மாதிரி ஷீட்டுல பேனாவால எழுதி, லைட்டு போட்டு சுவத்துல காட்டணும். யோசனை அவங்களது, கையெழுத்து எங்களது. நான் எழுதிக் குடுத்தேன், எதுக்கு வம்புன்னு. வினோ இடது கைக்காரி, எழுத்து பின்பக்கமா சாயும், கோழி கிளறின மாதிரி இருக்கும். "எங்கிட்ட எழுதக் குடுத்தா யாருக்கும் வாசிக்க முடியாது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க. கேட்டு தொறந்துரும், நான் வாரேன், சேந்து யோசிப்போம்"னுட்டா. மூணு நாள் மொணங்கினானுங்க. நாலாவது நாள் கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து நின்னானுங்க. வருஷக் கடைசியில அவ குரூப்புல சேரப் போட்டி.

நாங்க எப்படி இருந்தோம்னா, அவளுக்கு இடுப்புக்குக் கீழ முடி. நான் சிக்கெடுத்துப் பின்னி விடுவேன், அவ சத்தமா பாடத்தைப் படிப்பா. ரெண்டு பேரும் அப்படியே படிச்சு முடிச்சுருவோம். அவ படிச்சா எனக்குப் புரியும். நானாப் படிச்சா மனப்பாடம்தான் ஆகும்.

ரெண்டாம் வருஷத்துக்கு முந்தின லீவுல ஒரு புராஜெக்ட். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பல்பொடி. கோயம்புத்தூர்ல சின்னக் கடைகள்ல ஏன் விக்க மாட்டேங்குதுன்னு பாத்துச் சொல்லணும். நான் கேள்வித்தாள் அடிச்சுக் கடைக்காரங்ககிட்டக் குடுத்து நிரப்பி வாங்கினேன். வினோ கடை வாசல்ல போயி நின்னா. சும்மா நிப்பா. காலைல நிப்பா, சாயங்காலம் நிப்பா. பத்து நாள் அப்படி நின்னுட்டு வந்து என்கிட்டச் சொன்னா, "அரசி, பல்பொடி வாங்குறது பொம்பளை. சாயங்காலம் கடை வாசல்ல ஆம்பளைங்க பீடியக் குடிச்சுட்டு நிக்கான், அவ வர மாட்டா. காலைல எட்டரைக்குள்ள வந்துட்டுப் போயிருதா. கம்பெனி வண்டி வந்து சரக்குப் போடுறது பதினோரு மணிக்கு. அவ வாரப்ப சரக்கு இல்ல, சரக்கு வாரப்ப அவ இல்ல." அவ்வளவுதான். நூத்தி நாப்பது கேள்வித்தாளை நான் கட்டி வெச்சுட்டு அவ சொன்னதை எழுதினேன். ரெண்டு பேருக்கும் முதல் பரிசு.

அடுத்த ஜனவரியில அவங்க வீட்டுல இருந்து போன் வந்துச்சு. மாப்பிள்ளை பாத்தாச்சு, பேரு செல்வின், மொத்த மளிகை வியாபாரம், பரீட்சை முடிஞ்சதும் கல்யாணம்னு. அவ அழுது நான் பாத்தது அன்னைக்கு ஒரு நாள்தான். "வேலை மட்டும் கெடைச்சுட்டுன்னா அப்பாகிட்டப் பேசிருவேன்ட்டி. ரெண்டு வருசம் பொறுங்கப்பான்னு சொன்னா கேப்பாரு. வேலைன்னா அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. வெறுங்கையோட வீட்டுக்குப் போனா என்னால எதுத்து நிக்க முடியாது"ன்னா. என்கிட்ட மட்டும்தான் சொன்னா. வேற யாருக்கும் தெரியாது.

பிப்ரவரியில இந்த சோப்புக் கம்பெனி வந்துச்சு. இப்ப நான் இருக்கிற கம்பெனிதான். எழுத்துத் தேர்வு எல்லாம் முடிஞ்சு அஞ்சு பேரு தேறினோம். மூணு பசங்க, நான், வினோ. எடுக்கப் போறது ரெண்டு பேரை. "பொண்ணு எடுத்தா ஒண்ணுதானாம், அதுவும் சும்மா எடுத்துப் பாக்குறாங்களாம்"னு பசங்க பேசிக்கிட்டானுங்க. ஒண்ணுதான்னா ஒண்ணுதான். அதை நானா வெச்சேன்?

வினோ முதல்ல போனா. நாப்பது நிமிஷம். உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பல்பொடிக் கதையைச் சொல்லியிருப்பா. வெளிய வந்தப்ப முகம் அப்படி இருந்துச்சு. அப்புறம் நான். பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. எந்திரிக்கப் போறேன், நடுவுல இருந்த பெரியவர் ஃபைலை மூடிட்டு, "அந்த வினோலியா உங்க ரூம்மேட்தானே? பிரமாதமான பொண்ணு. ஆனா ட்ரெயினிங் குடுத்து ஆறு மாசத்துல கல்யாணம்னு போயிட்டா எங்களுக்குக் கஷ்டம். அவங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டாரு.

நான் என்ன சொல்லணும் டீச்சர்? பொய் சொல்லணுமா? பெரிய மனுஷன் கேக்குறாரு. "மாப்பிள்ளை பாத்துட்டாங்க சார். பரீட்சை முடிஞ்சதும் கல்யாணம்னு நெனைக்கிறேன்"னேன். நடந்ததைத்தான் சொன்னேன். "அப்ப உங்களுக்கு?"ன்னாரு. "எனக்கு அஞ்சு வருஷத்துக்கு அந்த நெனப்பே இல்ல சார்"னேன். அதுவும் நிஜம்தான். எங்க வீட்டுல ஜாதகம் எடுத்திருந்தாங்க. ஆனா ஜாதகம் எடுக்கிறது வேற, பேசி முடிக்கிறது வேற இல்லையா?

வெளிய வந்தேன். பெஞ்சுல உக்காந்திருந்தா. போயி கையைப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் கேண்டீன்ல டீ குடிச்சோம். அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் போர்டுல ஒரு பையன் பேரும் என் பேரும். அவ வந்து வாழ்த்துச் சொன்னா. அதுக்கப்புறம் வந்த ரெண்டு கம்பெனியும் பசங்களை மட்டும்தான் கூப்பிட்டுச்சு. ஏப்ரல்ல பரீட்சை, மே மாசம் அவளுக்குக் கல்யாணம். நான் ட்ரெயினிங்ல இருந்தேன், போக முடியல. சேலை வாங்கி பார்சல்ல அனுப்பினேன். கெடைச்சுதான்னுகூட எழுதல.

மொத வருஷம் எனக்கு ஆந்திரா பார்டர்ல போட்டாங்க. சித்தூர், நெல்லூர், அந்தப் பக்கம். லாட்ஜுல தனிப் பொம்பளைக்கு ரூம் தர மாட்டான். ஆபீஸ் லெட்டரை எடுத்துக் காட்டணும், காட்டினாலும் மேலயும் கீழயும் பாப்பான். கடைத்தெருவுல பாத்ரூம் கெடையாது. காலைல இருந்து தண்ணி குடிக்காம இருப்பேன். டீலருங்க என் மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டாங்க, கூட வர்ற டிரைவரைப் பாத்து, "மேடம்கிட்ட சொல்லுப்பா"ம்பாங்க. ஒவ்வொரு லாட்ஜுல இருந்தும் அவளுக்குத்தான் லெட்டர் எழுதினேன். வேற யாருக்கு எழுதுறது? வீட்டுக்கு எழுதினா திரும்பி வந்துருன்னுருவாங்க.

அங்கதான் அந்தக் காலை நேரத்து விஷயத்தைச் செஞ்சு காட்டினேன். பல்பொடி சொன்னேன்ல. முந்தின நாளே சரக்கைக் கடைக்குப் போட்டுட்டா, காலைல பொம்பளைங்க வர்றப்ப ரெடியா இருக்கும். ஆறு மாசத்துல என் ஏரியாதான் முதல். கம்பெனி பூரா அதையே செய்யச் சொன்னாங்க. அதுக்கு என் பேரையே வெச்சுக் கூப்பிட்டாங்க. யோசனை யார் வேணா சொல்லலாம் டீச்சர், செஞ்சு காட்டுறதுதானே பெருசு. அதையும் அவளுக்கு எழுதினேன், சந்தோஷப்படுவான்னு. பதில் இல்ல.

என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன். வரல. அப்புறம், வயித்துல அஞ்சு மாசம் எனக்கு. நெல்லூர் ரோட்டுல ஜீப்புல போயிட்டு இருந்தேன். லீவு கேட்டா, பாத்தியா, பொம்பளையைப் போட்டா இப்படித்தான்னு சொல்வாங்கன்னு கேக்கல. அன்னைக்கே எல்லாம் போச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஒருத்திக்குத்தான் எழுதினேன். அதுக்குமா பதில் போடக் கூடாது? அதுக்கப்புறம் நான் எழுதுறதை விட்டுட்டேன். எனக்கும் ரோஷம் இருக்குல்ல.

இந்த உத்தியோகத்துல மனசு கொஞ்சம் கெட்டியாயிரும். போன மாசம் விஜயவாடாவுக்கு ஏரியா மேனேஜர் போடணும். ஒரு பொண்ணு இருக்கா, எல்லாரையும் விடக் கெட்டிக்காரி. கல்யாணமாகி நாலு மாசம். அவ கூட வேலை பாக்குறவனைக் கூப்பிட்டு, எப்படிப்பா, ஏதும் விசேஷம் உண்டான்னு கேட்டேன். "சொல்ல முடியாது மேடம்"னான். சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்னு ஒரு பையனைப் போட்டுட்டேன். அவ நல்லதுக்குத்தான். நான் பட்டதை அவ படணுமா? ஏன் டீச்சர் அப்படிப் பாக்குறீங்க? உங்க ஸ்டாப் இன்னும் வரலையே.

சரி, விஷயத்துக்கு வரேன். நேத்து தூத்துக்குடியில டீலர்கள் கூட்டம். மாநிலத்துலயே சிறந்த விநியோகஸ்தர்னு ஒருத்தருக்கு நான் கேடயம் குடுக்கணும். செல்வின் ஏஜென்சீஸ். பேரைப் பாத்தேன், மனசுல ஒண்ணும் தட்டல. அந்தப் பக்கம் தெருவுக்கு ரெண்டு செல்வின். மேடை ஏறுறதுக்கு முன்னாடி, அவர் ஏரியாவுக்குப் போட்ட திட்டத்தை என் கையில குடுத்தாங்க, நாலு வார்த்தை பேசுறதுக்காக. கையால வரைஞ்ச ஊர் மேப்பு. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை சரக்கு போகணும்னு. படகுங்க கரைக்கு வர்ற நாளைப் பாத்து, பொம்பளைங்க கையில காசு இருக்கிற நாளாப் பாத்து, தெருத் தெருவாப் பிரிச்சிருந்துச்சு. எழுத்து பூராவும் பின்பக்கமாச் சாஞ்சிருந்துச்சு.

கோழி கிளறின மாதிரி டீச்சர்.

மேடையில ஒரு மனுஷன் வந்து நின்னாரு. தங்கமான முகம். வெள்ளைச் சட்டை. கேடயத்தை வாங்கிட்டு, "எல்லாம் இருபது வருச அனுபவம் மேடம்"னாரு. "இந்த மேப்பு யாரு வரைஞ்சது?"ன்னு கேட்டேன். "வீட்டுல உள்ளவங்கதான். நான் சொல்லச் சொல்ல எழுதுவா"ன்னாரு. "கூட்டிட்டு வரலையா?" "கூட்டத்துக்கெல்லாம் வர மாட்டா மேடம். கூச்ச சுபாவம்."

கூச்ச சுபாவம். வினோவுக்கு.

இன்னைக்குக் காலைல நேராப் போனேன். கீழ குடோன், மேல வீடு. அவரு பேங்குக்குப் போயிருந்தாரு. மாடிப்படியில ஒரு பொம்பளை, நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, காதுல போனை வெச்சுக்கிட்டு, கீழ நிக்கிற லோடு ஆட்டோகாரனுக்கு எந்தப் பெட்டியை முதல்ல ஏத்தணும்னு கையால காட்டிக்கிட்டு இருந்தா. முடி பாதியாக் கொட்டி நரைச்சிருந்துச்சு. என்னைப் பாத்தா. போன்ல பேசுறதை முடிச்சா. "ஏட்டி, அரசியா? மேல வா"ன்னா. நேத்துப் பாத்துட்டு இன்னைக்குப் பாக்குற மாதிரி.

சாப்பிடாமப் போகக் கூடாதுன்னு உக்கார வெச்சு மீன் குழம்பு ஊத்தினா. பிள்ளைங்க ரெண்டு, படிக்குதுங்க. பேசிக்கிட்டே இருந்தோம். நடுநடுவே கீழ இருந்து, "அக்கா, இது எந்த ரூட்டு?"ன்னு கேப்பானுங்க. ஜன்னல் வழியாப் பதில் சொல்லிட்டு, விட்ட எடத்துல இருந்து என்கிட்டப் பேசுவா. எட்டு சேல்ஸ்மேன், மூணு வண்டி, எல்லாம் அவ தலைக்குள்ள இருக்கு.

கை கழுவிட்டு வந்து கேட்டேன். "நான் என்னடி தப்பு பண்ணேன்? ஏன் ஒரு லெட்டருக்குக்கூடப் பதில் போடல?"

அவ தட்டை எடுத்துக்கிட்டே சொன்னா, "இன்டர்வியூ வெச்ச ரூம்ல கதவுக்கு மேல வென்டிலேட்டர் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? கண்ணாடி உடைஞ்சு கெடந்துச்சு. பெஞ்சு அதுக்கு நேர் கீழ."

"நான் பொய் சொல்லலையே வினோ. உனக்கு மாப்பிள்ளை பாத்தது நிஜம்தானே"ன்னேன்.

"நிஜம்தான். அதுக்கு நான் கோவப்படல. எனக்கும் அந்த வேலை வேணும், உனக்கும் வேணும். அந்த ஆளு உன்னப் பத்தி எங்கிட்டக் கேட்டிருந்தா நான் என்ன சொல்லிருப்பேன்னு எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன். சத்தியமாத் தெரியல"ன்னா. அப்புறம், "ஆனா நீ வெளிய வந்து என் கையைப் புடிச்சுட்டு ஒண்ணு சொன்ன. அது ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டா.

இல்லைன்னு சொல்லிட்டேன்.

ஞாபகம் இருக்கு டீச்சர். உங்ககிட்டச் சொன்னப்பவும் அதை விட்டுட்டுத்தான் சொன்னேன். "கவலைப்படாத வினோ. உன்னைப் பத்திக் கேட்டாங்க. இவளை விட்டா இந்த வேலைக்கு ஆளே கெடையாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்"ன்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல. யாரும் கேக்கல. சொல்லாம இருந்திருக்கலாம். அவ என் முகத்தையே பாத்தா, "தேங்க்ஸ்ட்டி"ன்னா. எல்லாத்தையும் காதால கேட்டுட்டு.

இன்னைக்கு அவ சொன்னா, "பொய் சொன்னதுக்குக்கூட இல்லட்டி. நான் அதை நம்பிருவேன்னு நெனச்ச பாத்தியா. ரெண்டு வருசம் ஒரே ரூம்ல கெடந்தோம்." சத்தமே இல்லாமத்தான் சொன்னா. தட்டைக் கழுவிக்கிட்டே.

"நெல்லூர் ஆஸ்பத்திரியில இருந்து எழுதினேனே, அதுக்காவது"ன்னேன். "அதுக்கு எழுதினேன். எட்டுப் பக்கம். ஸ்டாம்பு ஒட்டி, கவரு மேல உன் பேரையும் எழுதிட்டேன். போடல"ன்னா. என்ன எழுதினன்னு கேட்டேன். "இப்ப எதுக்கு அது"ன்னுட்டா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மீட்டிங்ல பேசுற மாதிரிப் பேச ஆரம்பிச்சுட்டேன். சென்னைக்கு வந்துரு, உனக்கு ஆலோசகர்னு ஒரு போஸ்ட் போட்டுத் தரேன், என் கையில அதிகாரம் இருக்குன்னேன். அவ சிரிச்சா. "இங்க ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா நாலு தெருவுக்குச் சரக்கு இல்ல. நான் சென்னைக்கு வந்து யாருக்கு ஆலோசனை சொல்ல?"ன்னா. ஏஜென்சியையாவது உன் பேருக்கு மாத்தச் சொல்றேன்னேன். "வேண்டாம், அவரு வருத்தப்படுவாரு. நல்ல மனுசன்ட்டி. நான் சொல்லுதத அப்படியே செய்வாரு. வெளிய தான் சொன்னதாச் சொல்லுவாரு, அவ்வளவுதான்"ன்னா.

கெளம்புறப்ப கார் வரைக்கும் வந்தா. கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னா. அடிக்கடி வரேன்டின்னு சொன்னேன். அவ மெதுவா, "வராத அரசி. கோவத்துல சொல்லல. பிள்ளையள வளத்தேன், இதையும் வளத்தேன், ஒரு மாதிரி ஓடுது. நீ வந்தா எனக்கு அந்த ரெண்டு வருசமும் அப்படியே திரும்ப வந்துருது. நீ போன பெறவு நான் இதுக்குள்ள இறங்கி வேலை பாக்கணும்லா"ன்னா.

சரின்னேன். வேற என்ன சொல்ல? காருல ஏறினேன்.

என்ன கேட்டீங்க? மன்னிப்பு கேட்டேனா?

அவதான் கோவம் இல்லைன்னு சொல்லிட்டாளே. கோவமே இல்லாதவகிட்ட எதுக்குன்னு... இல்ல. கேக்கல. மூணு மணி நேரம் அந்த வீட்டுல இருந்தேன் டீச்சர். அவ பிள்ளைங்க மார்க்கைக் கேட்டேன், மீன் என்ன மீனுன்னு கேட்டேன், வேலை தரேன்னு சொன்னேன். அதை மட்டும் கேக்கல. நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு அது தோணவும் இல்ல.

இப்பவா? இப்பப் போன் பண்ணிச் சொல்லலாம்தான். போன் இருக்கு. ஆனா அவ நம்பரை நான் வாங்கலையே. எங்க கம்பெனி லிஸ்டுல இருக்கிறது செல்வின் நம்பர் ஒண்ணுதான், அவ பேரு எந்தப் பக்கத்துலயும் கெடையாது. கூப்பிட்டா அவர்தான் எடுப்பாரு. மரியாதையா, "என்ன விசயம்னு சொல்லுங்க மேடம், நான் அவகிட்டச் சொல்லிருதேன்"ம்பாரு.

இதை எப்படி டீச்சர் அவர்கிட்டச் சொல்லி அனுப்புறது?